கத்தி வைக்காமல் அனுப்பி வைத்த எலும்புக் கட்டிப் பிரிவு: ஒரு மதிப்புரை

எங்கள் 12 வயது மகனின் முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரி, தொடை எலும்பின் கீழ்முனையில் தெரியும் மாற்றம் தீவிரத் தன்மை கொண்டதாகத் தோன்றுகிறது என்றும், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை தேவை என்றும் சொன்னது. அந்தக் காகிதத்தோடு நாங்கள் போய் நின்ற இடம், குழந்தைகளின் எலும்புக் கட்டிகளை மட்டும் பார்த்து இரண்டாவது கருத்துச் சொல்வதற்காகப் பெரிய மருத்துவமனை ஒன்றில் இயங்கும் தனிப் பிரிவு. மூன்று முறை போய் வந்த பிறகு அந்தச் சேவையைப் பற்றி இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட பிரிவு எங்கே இருந்தாலும் அங்கே எதைக் கொண்டு போக வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பெயரைவிட மற்றவர்களுக்குப் பயன்படும்.

நடந்தது சாதாரணமான ஒன்று. விளையாடும்போது விழுந்தான், முழங்கால் வீங்கியது, முறிவு இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை, ஆனால் முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் பின்பக்க விளிம்பு கொஞ்சம் அரித்தாற்போல இருக்கிறது என்று சொல்லி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். அதை எடுத்தது வேறோர் இடம். அங்கே அறிக்கை எழுதியவர் முதல் எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் படம் எங்கள் பையிலேயே இருந்தது. அவர்களும் கேட்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பத்து நாளில் வீக்கம் வடிந்து அவன் மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டான். அந்த ஒரு வரி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இந்தப் பிரிவின் முதல் சிறப்பு, நாங்கள் நேரில் போவதற்கு முன்பே தொலைபேசியில் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளரான செவிலியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எம்.ஆர்.ஐ. இருக்கட்டும் சார், முதன்முதல்ல எடுத்த எக்ஸ்ரே எங்கே?" என்று கேட்டார். அப்போது அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய படம் கையில் இருக்கும்போது சின்னப் படத்தை ஏன் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். எலும்பைப் பொறுத்தவரை அந்த எண்ணமே தவறு என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். எம்.ஆர்.ஐ. நீரைத் துல்லியமாகக் காட்டும் கருவி. எலும்பின் மஜ்ஜையில் அடிபட்ட கசிவு இருந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும், ஓடி ஓடி விழுந்த நுண்ணிய அழுத்த முறிவு இருந்தாலும், உண்மையிலேயே புற்று இருந்தாலும் அந்த இடம் பளிச்சென்று ஒளிரும். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று அளப்பதற்கு அதற்கு நிகரில்லை. அது என்ன கட்டி என்று சொல்வதற்குப் பல சமயங்களில் பழைய எக்ஸ்ரேதான் நம்பகமானது.

காரணத்தையும் சொன்னார். எலும்பு சும்மா இருக்கும் பொருள் அல்ல, தன்மேல் வந்து உட்காரும் எதற்கும் எதிர்வினை காட்டும். மெதுவாக வளரும் ஒன்று வந்தால் அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை விளிம்பு கட்டிக்கொள்ள எலும்புக்கு அவகாசம் கிடைக்கிறது. வேகமாக வளரும் ஒன்று அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அதனால்தான் கறையின் நிறத்தைவிட அதன் ஓரத்தைப் பார்க்கிறார்கள். ஓரம் பேனாவால் வரைந்தது போலத் தெளிவாக இருக்கிறதா, பூச்சி அரித்தது போல இருக்கிறதா, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்து போகிறதா என்ற இந்த வரிசையை முறைப்படுத்தியவர் லாட்விக் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர். குழந்தையின் வயது, எந்த எலும்பு, அந்த எலும்பில் வளர்தட்டுக்கு (எலும்பு நீளமாக வளரும் இடத்துக்கு) மேலா கீழா, நடுவிலா ஓரத்திலா என்பவற்றையும் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலான எலும்பு மாற்றங்களுக்கு எக்ஸ்ரேயிலேயே பெயர் வைத்துவிடலாம் என்றார்.

சந்திப்பு ஏறக்குறைய நாற்பது நிமிடம் நடந்தது. எலும்புக் கட்டி அறுவை மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒரே அறையில் இருந்தார்கள், எங்களையும் உட்காரவைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பியே பேசினார்கள். அறிக்கையைப் படிப்பதற்கு முன் மகனைக் கேட்டார்கள். வலி இரவில் எழுப்புகிறதா, ஓய்வாக இருக்கும்போதும் வலிக்கிறதா, வாரத்துக்கு வாரம் கூடுகிறதா, காய்ச்சலோ எடைக் குறைவோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவனைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்மடிப்புக்குச் சற்று மேலே உள்பக்கமாக விரலால் அழுத்திப் பார்த்தார்கள். இரண்டு தொடைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்தார்கள். அதன் பிறகு புதிதாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வைத்து, இரண்டு முழங்கால்களுக்கும் ஒரு சாய்வு எக்ஸ்ரே.

அந்தப் படம் திரையில் வந்தபோது கதிரியக்க மருத்துவர் பேனாவின் மூடியால் ஓர் இடத்தைத் தொட்டார். தொடை எலும்பின் பின்பக்கம், உள்பக்கமாக, வளர்தட்டுக்குக் கொஞ்சம் மேலே, எலும்பின் கெட்டியான வெளியடுக்கான புறணியில் நகத்தால் கீறியது போல ஒரு பள்ளம். அதன் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு. பிறகு வலிக்காத மற்ற காலின் படத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில் அதே பள்ளம், கொஞ்சம் சிறியதாக இருந்தது. என் மனைவி, "அப்போ ரெண்டு கால்லயுமா?" என்று பதறினாள். "ரெண்டு கால்லயும் ஒரே இடத்துல இருக்கிறதுதான்மா நல்ல சேதி" என்றார் அவர். கெண்டைக்கால் தசையின் உள்தலையும் தொடையை உள்ளே இழுக்கும் பெரிய தசையின் நாணும் வந்து ஒட்டும் பகுதி அது. 10 முதல் 15 வயதுக்குள், எலும்பு வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஓட்டமும் குதிப்புமாக இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தசைகள் இழுத்து இழுத்து எலும்பின் மேற்புறம் கரடுமுரடாகிவிடுகிறது. புற்றைக் காட்டும் அடையாளங்களும் இல்லை: எலும்புக்கு வெளியே சதைக் கட்டி எதுவும் இல்லை, எலும்புறை கிழிந்து எழும் கோட்மன் முக்கோணம் இல்லை, சூரியக் கதிர் போலப் புது எலும்பு விரியவில்லை.

இதற்கு கார்டிகல் டெஸ்மாய்டு என்று பெயர். பெயரே ஒரு தொல்லை என்பது என் கருத்து. டெஸ்மாய்டு என்று மென்திசுவில் வரும் கட்டி தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்றிரவு பெயரைத் தேடிப் பார்த்து வேறு ஒரு நோயைப் படித்துவிட்டு நான் தூங்காமல் கிடந்தேன். மருத்துவர் பெயரைச் சொன்னபோதே இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருக்கலாம். எலும்புப் புற்றான ஆஸ்டியோசர்க்கோமா அதிகம் தோன்றும் இடமும் இதே தொடை எலும்பின் கீழ்முனைதான், அதிகம் தோன்றும் வயதும் இதே வளரிளம் பருவம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் அறிக்கை எழுதியவர் மேல் எனக்கு இப்போது பெரிய கோபம் இல்லை. எக்ஸ்ரே இல்லாமல் எழுதியதுதான் தவறு.

திசுப் பரிசோதனை வேண்டாம் என்று அவர்கள் சொன்ன விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. "எதற்கும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமே, மனசு நிம்மதியாகும்" என்று கேட்டது நான்தான். அவர்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, காரணம் காட்டினார்கள். தசை இழுத்துப் புண்படுத்திய எலும்பில், தன்னை ஆற்றிக்கொள்ள முனையும் செல்கள் நெருக்கமாகவும் பரபரப்பாகவும் இருக்கும், புது எலும்பும் உருவாகிக்கொண்டிருக்கும். படத்தைப் பார்க்காமல் அந்தத் துண்டை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பவருக்கு அது ஆஸ்டியோசர்க்கோமாவாகத் தோன்ற இடமுண்டு. அதாவது நிம்மதிக்காகச் செய்யும் பரிசோதனையே பொய்யான பயத்தைக் கொண்டுவரக்கூடும். தொடவே கூடாத எலும்பு மாற்றங்கள் என்று கதிரியக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இதுவும் ஒன்று.

அத்தோடு, ஒருவேளை உண்மையிலேயே புற்றாக இருந்தால்கூட, ஊசியை எங்கே குத்துவது என்பதே சிகிச்சையின் முதல் படி என்றார் அறுவை மருத்துவர். ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் சிந்தியிருக்கக்கூடும் என்பதால், பின்னால் கட்டியை எடுக்கும்போது அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டும். தவறான பக்கத்தில் குத்திவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்க நேரலாம். 1982 இல் அமெரிக்க எலும்புக் கட்டி அறுவை மருத்துவர் ஹென்றி மேன்கினும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் 329 நோயாளிகளின் திசுப் பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். 1996 இல் மேலும் 597 பேரை வைத்து அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் சிகிச்சை தரப்போகும் மையத்தில் செய்யாமல் வெளியே செய்யப்பட்ட பரிசோதனைகளில்தான் தவறான முடிவுகளும் சிக்கல்களும் பல மடங்கு அதிகம் என்பது இரண்டு முறையும் தெரிந்தது. இடையில் 14 ஆண்டுகள் கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. எனவே இரண்டாவது கருத்து தேவைப்பட்டால், அதைத் திசு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் பாதிப் பயன் போய்விடும்.

கையில் ஒரு விளக்கப் புத்தகமும் கொடுத்தார்கள். அதைத் தனியாக மதிப்பிட வேண்டும், ஏனென்றால் அங்கே வரும் பெற்றோர் எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில் அதைத்தான் புரட்டுகிறார்கள். நான்-ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்ற புற்றல்லாத எலும்பு மாற்றம் பற்றிய பக்கம் மிக நன்றாக இருக்கிறது. வளரும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இருக்கக்கூடிய இந்த மாற்றம், எலும்பின் ஓரத்தில் திராட்சைக் கொத்து போன்ற வடிவத்தில், வெள்ளை விளிம்போடு தெரியும் என்பதையும், வளர்ச்சி முடியும்போது தானாகவே எலும்பாக நிரம்பிவிடும் என்பதையும் நான்கு படங்களில் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். எலும்பின் அகலத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டால் மட்டும் முறியும் அபாயம் பற்றி யோசிப்பார்கள் என்பதும் அதில் உண்டு. மேற்கை எலும்பில் வரும் எளிய நீர்ப்பை பற்றிய பக்கமும் நன்று. முறிந்த ஒரு சில்லு பையின் அடியில் போய் விழுந்து கிடப்பதே உள்ளே சதை இல்லை, நீர்தான் என்பதற்குச் சாட்சி என்ற விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பின் மேல் குருத்தெலும்பு மூடியோடு புடைத்து வளரும் ஆஸ்டியோகாண்ட்ரோமா பற்றிய பகுதி தேவைக்கு மேல் நீளம்.

மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸுக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அடிபட்ட தசைக்குள் எலும்பு உருவாகும் இந்த நிலையை முதல் சில வாரங்களில் திசு எடுத்துப் பார்த்தால், நடுப்பகுதி அச்சு அசலாக ஆஸ்டியோசர்க்கோமா போலவே தெரியும். இதில் முதிர்ந்த எலும்பு வெளிவளையமாகவும் முதிராத பகுதி உள்ளேயும் இருக்கும், புற்றில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும் என்ற முக்கியமான வேறுபாட்டை ஒரு படம்கூட இல்லாமல் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். சில வாரம் காத்திருந்து மறுபடி படம் எடுத்தாலே பல சமயம் பதில் கிடைத்துவிடும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, திசு எடுத்தே ஆக வேண்டிய நிலைகளைப் பற்றிப் புத்தகம் ஏறக்குறைய மௌனமாக இருப்பது. கிருமித் தொற்றும், எவிங் சர்க்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றும் ஒன்றைப் போல ஒன்று வேடம் போடும். இரண்டிலும் காய்ச்சல் வரலாம், இரத்தச் சோதனையில் அழற்சிக் குறியீடுகள் கூடலாம், எக்ஸ்ரேயில் எலும்புறை அடுக்கடுக்காக எழலாம். லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற மூன்றாவது ஒன்றும் இதே முகத்தோடு வரும், முதுகெலும்பில் வந்தால் ஓர் எலும்பையே நாணயம் போலத் தட்டையாக்கிவிடும். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. சீழ் என்று நினைத்து எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கும், கட்டி என்று நினைத்து எடுத்ததைக் கிருமி வளர்ப்புக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது இத்துறையின் பழைய பாடம். அதை மருத்துவர் எங்களிடம் வாயால் சொன்னார், புத்தகத்தில் இல்லை. அதேபோல இரத்தம் நிறைந்த எலும்புப் பை என்று நினைத்தது சில சமயம் அதே தோற்றமுள்ள ஒருவகை ஆஸ்டியோசர்க்கோமாவாக முடியலாம் என்ற எச்சரிக்கையும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியில் எழுதப்பட்ட புத்தகத்தைச் சரியாகாத குழந்தையின் பெற்றோரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அந்த நாற்காலிகளில் நாங்கள் சந்தித்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மகளுக்கு மாதக்கணக்காக இரவில் கால் முன்னெலும்பில் வலி; இப்யூபுரோஃபென் கொடுத்தால் அரை மணியில் அடங்கிவிடும், மறுநாள் இரவு திரும்ப வரும். எம்.ஆர்.ஐ.யில் கால் முழுக்க ஒளிர்ந்ததைப் பார்த்து அவர்களுக்கும் புற்றுநோய்ப் பயம் காட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவில் மெல்லிய துண்டுகளாக சி.டி. எடுத்து, 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு சிறு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். 1935 இல் ஹென்றி ஜாஃபி என்ற நோய்க்கூற்றியல் மருத்துவர் விவரித்த, ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற புற்றல்லாத கட்டி அது. ஊசி வழியாக வெப்பம் செலுத்தி அந்த முடிச்சைச் சுட்டுவிட்டதில், அடுத்த சில நாளிலேயே பெண் இரவு முழுக்கத் தூங்கினாள் என்று அவர் சொன்னார். இரவு வலி என்றாலே புற்று என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். ஆனாலும் இரவில் எழுப்பும் வலியையும், கூடிக்கொண்டே போகும் வீக்கத்தையும் வளர்ச்சி வலி என்று தள்ளிவிடக் கூடாது என்பதை மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

இனி சேவையின் குறைகள். படங்களை இணையம் வழியாக அனுப்பலாம் என்கிறார்கள், எம்.ஆர்.ஐ. வட்டில் இருந்த கோப்புகளை அவர்களுடைய தளம் மூன்று முறை ஏற்க மறுத்தது, கடைசியில் வட்டையே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முன்பதிவுக்கும் சந்திப்புக்கும் இடையில் ஒன்பது நாள் ஆனது. அவசரமில்லாத மருத்துவச் சந்திப்புக்கு ஒன்பது நாள் அதிகமில்லை, அந்த வரியைப் படித்துவிட்ட பெற்றோருக்கு அது மிக அதிகம். எக்ஸ்ரேயை மட்டும் முன்கூட்டிப் பார்த்து, "அவசரப்பட வேண்டியதாகத் தெரியவில்லை" என்று ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு இருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்த ஒன்பது இரவுகள் வேறு மாதிரி கழியும்.

இரண்டாவது குறை இடம். பிரிவு புற்றுநோய்க் கட்டடத்துக்குள் இருக்கிறது. எங்களுக்குள் கிசுகிசுத்துக் காப்பாற்றி வைத்திருந்ததை வாசல் பலகை ஒரு நொடியில் உடைத்துவிட்டது. "அப்பா, இது கேன்சர் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் தேடுவதற்குள், "காலை எடுத்துடுவாங்களாப்பா?" என்று அடுத்ததையும் கேட்டான். முன்கூட்டியே அவனிடம் பேசாதது எங்கள் தவறுதான். ஆனால் வரும் குழந்தைகளில் பலர் புற்றுநோயே இல்லாமல் திரும்பிப் போகும் ஒரு பிரிவு, அழைப்புக் கடிதத்திலாவது "குழந்தையிடம் இப்படிச் சொல்லி அழைத்து வாருங்கள்" என்று நான்கு வரி எழுதியனுப்பலாம். உள்ளே மருத்துவர் அவனிடமே நேராக, "உன் தசை ரொம்ப பலமா இழுக்குது, எலும்பு கொஞ்சம் கோவிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

எழுத்து அறிக்கை ஒரு பக்கம். தெளிவாக இருக்கிறது, ஆனால் மருத்துவருக்கு மருத்துவர் எழுதும் மொழியில் இருக்கிறது. விளையாடலாமா என்பதற்கு நேரில் "வலிக்காதவரை எல்லாம் செய்யலாம்" என்றார்கள், அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் பள்ளிக்குத் தனியாக ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாற்றம் ஏதுமில்லை. அது மருத்துவத் தேவைக்காக இல்லை, எங்கள் மனத்துக்காகத்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அதோடு இனி வர வேண்டாம் என்று கோப்பையும் முடித்துவிட்டார்கள். தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் வரவழைக்காத இந்த நேர்மைக்கு என் மதிப்பீட்டில் நிறைய இடம் உண்டு.

யாராவது இப்படிப்பட்ட பிரிவுக்குப் போவதாக இருந்தால், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைக் காகிதமாகவோ வட்டாகவோ கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். விழுந்த தேதி, வலி தொடங்கிய தேதி, எந்த மாத்திரைக்கு அடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நோய் என்று கேட்பதோடு, அது புற்று இல்லை என்று எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கடைசி நாளில் நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்று, அவர்களாகவே எல்லோருக்கும் கொடுக்க வேண்டியது. இந்தப் பள்ளம் மகனின் எலும்பில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கலாம் என்பதால், அவன் மறுபடி எங்காவது விழுந்து வேறு யாராவது படம் எடுத்தால் அதே பயம் முதலிலிருந்து தொடங்கும். அதற்காக, இடம், பெயர், தேதி, திசு எடுக்கத் தேவையில்லை என்ற குறிப்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எக்ஸ்ரே பிரதி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்த உறை இப்போது அவனுடைய தடுப்பூசி அட்டையோடு சேர்ந்து இருக்கிறது.